சிலியின் ஜனநாயகமும் இலக்கியத்தின் சாட்சியமும்

ஜனநாயக ஆட்சிமுறை வீழ்த்தப்படுவதும் பின்னர் ஏதோவொரு வகையில் மீண்டெழுவதும் கடந்த நூறாண்டு கால உலக வரலாற்றிலே திரும்பத் திரும்பக் காணப்படும் நிகழ்வுகளாகும். இதனை விளக்க முற்படுவோரிடையே இரு போக்குகள் மேலோங்கி நிற்கின்றன. தாராண்மைவாதிகள், பாராளுமன்றம், நீதிமன்றம், தேர்தல் ஆகிய நிறுவனங்களின் உள்ளார்ந்த வலிமையே ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறது என்பர். இதற்கு நேரெதிராக, வரட்டுத்தனமான இடதுசாரிகள் சிலர், பூர்ஷ்வா ஜனநாயகம் வெறும் முகமூடியே. அது வீழ்ந்தாலென்ன, எழுந்தாலென்ன என்பர். நோக்குமிடத்து இவ்விரு சாராரும் ஒரே வினாவைத் தவிர்த்துச் செல்வதைக் காணலாம். 'மக்களாட்சி' என்னும்போது அச்சொல்லிலுள்ள 'மக்கள்' என்போர் யாவர்? யார் எண்ணப்படுகின்றனர், யார் எண்ணப்படாது விடப்படுகின்றனர்? அரசியல் யாப்புகள் இவ்வினாவுக்கு முழுமையான விடை தருவதில்லை. இலக்கியம், சில வேளைகளில் அதனை எழுதியவரின் நோக்கத்தையும் மீறி, ஓரளவு விடை தருகின்றது.

இக்கருத்தைச் சிலி நாட்டை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம். இரு நூல்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, ஏரியல் டோர்ஃப்மன் 1990 இல் எழுதிய 'மரணமும் கன்னியும்' என்ற நாடகம். மற்றையது, பாப்லோ நெரூடாவின் மறைவுக்குப் பின்னர் 1974 இல் வெளியான அவரது நினைவுக் குறிப்புகள். பின்னையதிலும் குறிப்பாக, கொழும்பு வெள்ளவத்தையிலே நடந்த ஒரு சம்பவத்தைக் கூறும் பகுதியே எமக்கு முக்கியமானது. அப்பகுதி தமிழ் வாசகருக்கு நேரடியாகச் சம்பந்தமுடையது; ஆயினும் எம்மிடையே போதிய அளவு பேசப்படாதது.

முதலில் வரலாற்றுப் பின்புலத்தைச் சுருக்கமாக நோக்குவோம். இலத்தீன் அமெரிக்க நாடுகளுள் யாப்பு வழி ஆட்சியில் நீண்ட மரபுடையது எனப் பெருமை கொண்ட நாடு சிலி. ஆனால் அம்மரபு எவருக்கு உரியதாயிருந்தது? 1958 வரை வாக்குச்சீட்டுகளைக் கட்சிகளே அச்சிட்டு வழங்கின. பெருநிலங்களிலே குடியிருந்து உழைத்தவன், நிலவுடைமையாளன் கையளித்த சீட்டையே பெட்டியில் இடவேண்டிய நிலையில் இருந்தான். அவ்வாண்டில் அரசே பொதுவான சீட்டை அச்சிடத் தொடங்கிய பின்னரே நிலவுடைமையாளனின் பிடி தளர்ந்தது. பெண்கள் பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையை 1949 இல்தான் பெற்றனர். எழுத்தறிவற்றோருக்கு அவ்வுரிமை 1970 இல்தான் கிடைத்தது. இவற்றுள் எதுவும் மேலிருந்து வழங்கப்பட்ட கொடையன்று. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் நீண்ட காலம் போராடிப் பெற்றவை. அதே நாட்டில் 1948 இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்த சட்டத்துக்கு 'ஜனநாயகத்தின் நிரந்தரப் பாதுகாப்புச் சட்டம்' எனப் பெயரிட்டிருந்தனர். ஜனநாயகத்தின் பெயரால் ஜனநாயகம் வெட்டிக் குறைக்கப்படுவதற்கு இதனினும் வெளிப்படையான உதாரணம் தேடவேண்டியதில்லை.

1970 செப்டெம்பரில் சல்வதோர் அயெண்டே ஏறத்தாழ 36 சதவீத வாக்குகளைப் பெற்று முதலிடத்துக்கு வந்தார். பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாக உறுதிசெய்தது. 1971 ஜூலையில் செப்புச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது எதிர்க்கட்சியினரும் சேர்ந்து ஏகமனதாக வாக்களித்தனர். அவருடைய அரசை வீழ்த்துவதற்கு ஐக்கிய அமெரிக்கா செலவிட்ட பணத்தையும் மேற்கொண்ட இரகசிய நடவடிக்கைகளையும் அந்நாட்டுச் செனட் சபையின் விசாரணைக்குழுவே 1975 இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவுசெய்தது. எனினும் அந்நியச் சதி ஒன்றே யாவற்றையும் விளக்கிவிடாது. 1973 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டுக்கும் லொறி உரிமையாளர் வேலைநிறுத்தத்தின் பாதிப்புக்கும் இடையே நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அயெண்டேயின் மக்கள் ஐக்கிய முன்னணி ஏறத்தாழ 44 சதவீத வாக்குகளைப் பெற்றது. உழைக்கும் மக்கள் தேர்தல் என்ற கருவியைக் கைவிடவில்லை. அதனைத் தமக்கெனப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அக்கருவியைத் தமது பரம்பரைச் சொத்தாகக் கருதியிருந்த வர்க்கத்தவரே ஆறு மாதங்களின் பின், 1973 செப்டெம்பர் 11 அன்று, விமானக் குண்டுவீச்சின் துணையோடு அதனை உடைத்தெறிந்தனர். பூர்ஷ்வா ஜனநாயகம் வெறும் முகமூடி என்போர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள். முகமூடியைக் கிழிப்பதற்கு அதன் சொந்தக்காரரே ஏன் இவ்வளவு அவசரப்பட்டனர்?

பதினேழு ஆண்டுகள் நீடித்த சர்வாதிகாரம் எவ்வாறு முடிவுற்றது என்பதும் சர்ச்சைக்குரிய விடயமே. ஜெனரல் பினோசே தாமே 1980 இல் கொண்டுவந்த யாப்பின் ஏற்பாட்டின்படி 1988 ஒக்டோபர் 5 அன்று சர்வஜன வாக்கெடுப்பு நடைபெற்றது. 'இல்லை' என்ற தரப்பு ஏறத்தாழ 56 சதவீதத்தால் வென்றது. பப்லோ லராயின் 2012 இல் நெறிப்படுத்திய 'இல்லை' என்னும் திரைப்படம், இவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் எதிரணிக்கு நாள்தோறும் வழங்கப்பட்ட பதினைந்து நிமிட விளம்பர நேரத்தின் சாதனையாகக் காட்டுகிறது. அன்டோனியோ ஸ்கார்மெத்தாவின் நாடகமொன்றைத் தழுவிய அப்படம் தொழில்நுட்பத் திறன் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பர நிபுணன் சரித்திரத்தின் கதாநாயகனாக உயர்த்தப்படும்போது, 1982 இல் பொருளுற்பத்தி ஏறத்தாழ 14 சதவீதம் வீழ்ச்சியுற்றதும், 1983 மே மாதம் செப்புத் தொழிலாளர் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்ததும், சேரிப்புறங்களில் மக்கள் குழந்தைகளுக்கெனப் பொதுச் சமையல்கூடங்கள் நடத்தியதும் பின்னணி ஓசையாகத் தேய்ந்துவிடுகின்றன. காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் கோணிச் சாக்குத் துணியிலே பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துப் படங்கள் ஆக்கினர். தேவாலயத்தின் ஆதரவோடு அவை வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. 'எங்கே அவர்கள்?' என்ற கேள்வியைத் தாங்கிய அத்துணிகளை நாட்டார் கலை என்று நூதனசாலையில் ஒதுக்கிவைப்பது எளிது. பத்திரிகை தணிக்கை செய்யப்பட்ட காலத்தில் அவையே பத்திரிகைகளாக இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1990 மார்ச்சில் சிவில் ஆட்சி திரும்பியது. ஆனால் பினோசே 1998 வரை இராணுவத் தளபதியாகத் தொடர்ந்தார். 1978 இல் இராணுவம் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பொதுமன்னிப்பும் தொடர்ந்தது. இந்த இடுக்கான நிலைமையில், ரெட்டிக் ஆணைக்குழு எனப்படும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1991 பெப்ரவரியில் அது சமர்ப்பித்த அறிக்கை 2,279 பேரின் மரணத்தையோ காணாமற்போதலையோ உறுதிப்படுத்தியது. ஆயின் அதன் அதிகாரம் மரணத்தில் முடிந்த விடயங்களோடு நின்றுவிட்டது. சித்திரவதைக்குட்பட்டு உயிர் பிழைத்தோர் அதன் கணக்கில் வரவில்லை. குற்றமிழைத்தோரின் பெயர்களை அது வெளியிடவுமில்லை.

டோர்ஃப்மனின் நாடகம் பிறந்தது இந்த இடைவெளியில்தான். அயெண்டே ஆட்சியில் பண்பாட்டு ஆலோசகராகப் பணிபுரிந்து, பின்னர் நாடுகடந்து வாழ்ந்தவர் அவர். நாடகத்திலே மூன்று பாத்திரங்களே உண்டு. வழக்கறிஞனான ஜெரார்டோ புதிய ஆணைக்குழுவின் உறுப்பினனாக நியமிக்கப்பட்டுள்ளான். அவனுடைய மனைவி பௌலினா பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கைதாகிச் சித்திரவதைக்கும் வன்புணர்வுக்கும் ஆளானவள். ஓரிரவு, வழியிலே கார்ச் சில்லுக் காற்றுப்போய் நின்ற ஜெரார்டோவை வீட்டுக்கு ஏற்றிவந்த வைத்தியர் ரொபேர்டோவின் குரலைக் கேட்டதும், தன்னைச் சிதைத்தவன் இவனே எனப் பௌலினா முடிவுசெய்கிறாள். அக்காலத்தில் அவளுடைய கண்கள் கட்டப்பட்டிருந்தன. எனவே அவளிடமுள்ள சாட்சியம் குரலும் மணமும், அந்த வைத்தியன் அப்போது ஒலிக்கவிட்ட ஷூபேர்ட்டின் இசையும் மட்டுமே. அவள் அவனைக் கட்டிவைத்து விசாரிக்கிறாள். கணவன் குற்றவாளிக்காக வாதாடுகிறான்.

இந்நாடகத்தைப் பழிவாங்கலும் மன்னிப்பும் பற்றிய ஒழுக்கவியல் புதிராக வாசிப்பதே மேலைநாட்டு அரங்குகளின் வழக்கமாயிற்று. அவ்வாறு வாசிப்பது நாடகத்தின் கூர்மையை மழுங்கச் செய்வதாகும் என்பது எமது கருத்து. நாடகத்தின் மையமுரண் பௌலினாவுக்கும் வைத்தியனுக்கும் இடையிலானது என்பதைவிட, அவளுக்கும் அவளுடைய ஜனநாயகவாதிக் கணவனுக்கும் இடையிலானது என்பதே பொருந்தும். ஜெரார்டோ கொடியவனல்லன்; நேர்மையானவன், முற்போக்கானவன். சித்திரவதையின்போது அவனுடைய பெயரை அவள் வெளியிடாமையினாலேயே அவன் உயிரோடிருக்கிறான். விடுதலையாகி அவள் வந்த நாளில் அவனோடு வேறொருத்தி இருந்தாள். இப்போது, நாட்டின் நிலையான எதிர்காலத்தின் பொருட்டும் தனது பதவியின் பொருட்டும் (இவ்விரண்டும் அவனுடைய பேச்சிலே பிரிக்கமுடியாதபடி கலந்துள்ளன) அவள் அமைதி காக்க வேண்டும் என்கிறான். அன்று சர்வாதிகாரத்தின் முன் அவள் காத்த மௌனம் வீரமாயிருந்தது. இன்று ஜனநாயகம் அதே மௌனத்தை ஒரு கடமையாக அவளிடம் கேட்கிறது. மீண்டுவந்த ஜனநாயகத்தின் வர்க்கக் குணாம்சத்தை இவ்வளவு சிக்கனமாக வெளிக்கொணர்ந்த வேறொரு நாடகத்தை எளிதிற் சுட்டமுடியாது.

உத்தி முறையிலும் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. பௌலினா தன் அனுபவத்தைக் கணவனிடம் கூறும்போது வேண்டுமென்றே சில சிறு தவறுகளைச் செய்கிறாள். கணவன் வாயிலாக அதனை அறிந்து வாக்குமூலம் எழுதும் வைத்தியன், தன்னையறியாமலே அத்தவறுகளைத் திருத்திவிடுகிறான். சட்டம் ஏற்கமறுத்த செவிச்சாட்சியை அவள் இவ்வாறு நிரூபணமாக மாற்றுகிறாள். இறுதியில் அவள் சுட்டாளா இல்லையா என்பது கூறப்படுவதில்லை; பார்வையாளரை நோக்கி ஒரு பெரிய கண்ணாடி இறக்கப்படுகிறது. மூவரும் ஓர் இசையரங்கில் மீண்டும் தோன்றுகின்றனர். 1991 மார்ச்சில் சந்தியாகோவிலே மேடையேறியபோது நாடகம் குளிர்ந்த வரவேற்பையே பெற்றது. அதே ஆண்டு லண்டனிலே அது கொண்டாடப்பட்டது. கண்ணாடியிலே தம் முகத்தைக் காண லண்டன் பார்வையாளருக்கு அச்சமில்லை என்பதில் வியப்பென்ன?

எனினும் நாடகத்தின் எல்லையையும் சுட்டாதிருக்க முடியாது. கடற்கரை வீடும் நால்வகை நரம்பிசையும் கொண்ட இவ்வுலகிலே மூவரும் கற்ற மத்தியதர வகுப்பினர். சித்திரவதைக்குள்ளானோருள் பெருந்தொகையினரான தொழிலாளர், குடியானவர், சேரிவாழ் மக்கள் ஆகியோருக்கு மேடையில் இடமில்லை. வாலெச் ஆணைக்குழு எனப்படும் இரண்டாவது ஆணைக்குழு 2004 இல் 27,000 இற்கும் மேற்பட்டோரைச் சித்திரவதைக்கும் அரசியற் சிறைவாசத்துக்கும் ஆளானோராக அங்கீகரித்தது. பௌலினாக்கள் கணக்கில் வருவதற்கு நாடகத்தின் பின் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அவர்களுடைய சாட்சியங்களை ஐம்பது ஆண்டுகள் இரகசியமாக வைத்திருக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. எண்ணப்பட்டார்கள், ஆனால் கேட்கப்படவில்லை.

இனி நெரூடாவிடம் வருவோம். சிலியின் ஜனநாயக இயக்கத்தின் குரலாக அவரைக் கொள்வதற்கு நியாயமான காரணங்கள் உள. 1945 இல் சுரங்கத் தொழிலாளர் மிகுந்த வடபகுதியிலிருந்து செனட்டராகத் தெரிவானார். முன்னர் குறிப்பிட்ட 1948 ஆம் ஆண்டின் அடக்குமுறையை எதிர்த்துப் பேசியமையால் தலைமறைவாகி, 1949 இல் அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்து தப்பினார். 1971 இல் நோபல் பரிசு பெற்றார். இராணுவச் சதி நடந்த பன்னிரண்டாம் நாள் இறந்தார். துப்பாக்கிகளின் நடுவே சென்ற அவரது இறுதி ஊர்வலமே இராணுவ ஆட்சிக்கெதிரான முதல் வெளிப்படையான ஆர்ப்பாட்டமாயிற்று. அவருடைய கவிதைகள் தமிழிலே பல கைகளால் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. இளம் வயதில் சிலியின் கொன்சலாக, 1929 தொடக்கம் 1930 வரை, அவர் கொழும்பில் வாழ்ந்தார் என்பது எம்மிடையே பெருமையோடு கூறப்படுவதுமுண்டு.

அவ்வாழ்க்கை பற்றி அவர் எழுதியதன் ஒரு பகுதி வருமாறு அமைகின்றது. கடலோரத்திலிருந்த அவருடைய வீட்டில் வாளி மலகூடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிகாலையில் வாளியை அகற்றிச் செல்ல ஒரு தமிழ்ப் பெண் வருவாள். அவளுடைய அழகையும் சேலையையும் காற்சிலம்பையும் கவிஞர் விரிவாக வருணிக்கிறார். அவளது கவனத்தை ஈர்க்கப் பட்டும் பழமும் வைத்துப் பார்க்கிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் அவளுடைய மணிக்கட்டைப் பற்றி அறைக்குள் இட்டுச் செல்கிறார். அவளோடு பேச அவரிடம் மொழியில்லை. நடந்தது ஒரு சிலையோடு கூடியதை ஒத்தது என்றும், அவள் கண்களை அகலத் திறந்தபடி அசைவற்றிருந்தாள் என்றும், தம்மை அவள் இகழ்ந்தது சரியே என்றும் எழுதி, வேறு விடயத்துக்குச் சென்றுவிடுகிறார்.

இது வன்புணர்வு. வேறு சொல்லால் இதனைக் குறிக்க இயலாது. சிலியில் 2018 இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் பிரேரணை பாராளுமன்றக் குழுவொன்றின் ஆதரவைப் பெற்றபோது, பெண்ணுரிமை இயக்கத்தினர் இப்பகுதியைச் சுட்டிக்காட்டியே எதிர்த்தனர், பெயர்மாற்றம் நிறைவேறவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் எல்லோர் கைகளிலும் இருந்த ஒரு நூலின் பக்கம் அது. மறைக்கப்பட்டதன்று, வாசிக்கப்பட்டும் காணப்படாதது.

எம்மவருள் சிலர், இதனைப் பேசுவது பிற்போக்குச் சக்திகளுக்கு ஆயுதம் வழங்குவதாகும் என்பர். பினோசேயின் ஆதரவாளர் இதனைப் பயன்படுத்துவர் என்பது உண்மையே. ஆயினும் ஜெரார்டோவின் வாதமும் இதுவே என்பதை மறத்தலாகாது. இயக்கத்தின் நன்மைக்காகப் பாதிக்கப்பட்டவளின் மௌனத்தைக் கோருவது முற்போக்கு விமர்சனத்தின் பணியாகாது. இன்னும் சிலர், இவ்வொரு பக்கத்தைக் கொண்டு அவருடைய கவிதைகள் அனைத்தையும் எறிந்துவிடலாம் என்பர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. செப்புச் சுரங்கத் தொழிலாளியின் வாழ்வைக் கவிதையின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்த சாதனை அழிந்துவிடாது. ஆனால் அச்சாதனையை மதிப்பிடும் அளவுகோலாலேயே இப்பக்கத்தையும் மதிப்பிட வேண்டும். உழைப்பாளியை மனிதனாகக் காணும் கண், நாற்றமெடுக்கும் வாளியைத் தலையிற் சுமந்த உழைப்பாளியைச் சிலையாகக் கண்டது எவ்வாறு? ஏகாதிபத்தியத் தலைநகரொன்றிலே கொன்சல் பதவி, குறைந்த ஊதியத்தோடாயினும், வழங்கிய அதிகாரம் அது. சாதியமைப்பு அந்த அதிகாரத்துக்குத் துணைபோயிற்று. அவளுடைய சாதியைக் குறிக்கக் கவிஞர் கையாளும் ஸ்பானியச் சொல் எமது மொழியின் சாதிப்பெயரொன்றிலிருந்து ஐரோப்பிய மொழிகள் கடன்பெற்று இழிசொல்லாக்கியது. ஆகவே அப்பக்கத்தின் குற்றத்தில் எமது சமூகத்துக்குப் பங்கில்லை எனத் தமிழ் வாசகன் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அவள் எந்தச் சமூக ஏற்பாட்டினால் நாள்தோறும் அந்தப் பின்வாசலுக்கு வந்தாளோ, அதனை ஆக்கியோர் சிலி நாட்டவரல்லர்.

இரு நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஒன்று புலனாகிறது. பௌலினா கண்கட்டப்பட்டவள், அவளுக்குச் செவியும் குரலும் உண்டு, அதனால் அவள் சாட்சியாகிறாள். வெள்ளவத்தைப் பெண் கண்திறந்தவள். யாவற்றையும் கண்டவள், ஆனால் நூலிலே குரலற்றவள், பெயரற்றவள். அவளுடைய பார்வை எங்கும் பதிவாகவில்லை, குற்றமிழைத்தவரின் எழுத்திலே தவிர. சிங்களத் திரைப்பட நெறியாளர் அசோக ஹந்தகம 2021 இல் 'அல்போராதா' என்னும் படத்தில் இச்சம்பவத்தைக் கையாண்டார் என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும்.

அக்காலம் இலங்கை அரசியல் வரலாற்றில் எத்தகையது என்பதும் கருதத்தக்கது. டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை 1928 இல் வெளியாகி, அதன் விதப்புரைகள் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. சிலியின் பெண்களுக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாக. படியாதவர்க்கும் தாழ்த்தப்பட்டவர்க்கும் வாக்கு எதற்கு என எதிர்த்தோருள் எமது கனவான்களும் இருந்தனர். இந்திய வம்சாவளித் தொழிலாளரின் உரிமையோ வதிவிட நிபந்தனைகளால் குறைக்கப்பட்டு, 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலும் பறிக்கப்பட்டது. சிலி தன் கம்யூனிஸ்டுகளை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிய அதே காலத்தில், இங்கு தோட்டத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுச் சேர்க்கும் என்ற அச்சமும் அதற்கான காரணங்களுள் ஒன்றாயிருந்தது.

சிலியில் 2018 இன் பெண்கள் எழுச்சி அத்தோடு அடங்கவில்லை. 2019 ஒக்டோபரில் நிலக்கீழ்ப் புகையிரதக் கட்டணம் 30 பெசோ உயர்ந்தமை நாடளாவிய கிளர்ச்சியைத் தூண்டியது. நவம்பரில் வல்பரைசோவின் 'லாஸ் தெசிஸ்' குழுவினர், கண்களைக் கட்டிக்கொண்டு வீதியிலே நிகழ்த்திய கூட்டுப் பாடலாட்டம், வன்புணர்வுக்கு அரசையும் நீதிமன்றத்தையும் காவற்படையையும் பொறுப்பாளிகளாக்கிற்று. பௌலினாவின் கண்கட்டு அறையிலிருந்து சதுக்கத்துக்கு வந்துவிட்டது எனலாம். 2020 ஒக்டோபர் வாக்கெடுப்பில் 78 சதவீதத்தினர் புதிய யாப்பு வேண்டும் என்றனர். ஆண் பெண் சமநிலையோடும் ஆதிக்குடிகளுக்கு 17 ஆசனங்களோடும் 155 பேர் கொண்ட பேரவை கூடியது. மபூச்சே இனத்தவரும் மொழியியலாளருமான எலிசா லொன்கொன் அதன் முதலாவது தலைவியாகித் தம் தாய்மொழியிலே உரையைத் தொடங்கினார்.

பேரவை எழுதிய வரைவை 2022 செப்டெம்பர் 4 அன்று ஏறத்தாழ 62 சதவீதத்தினர் நிராகரித்தனர். வலதுசாரிகள் மேலோங்கிய சபை எழுதிய மற்றொரு வரைவும் 2023 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. பினோசேயின் யாப்பு, பல திருத்தங்களோடு, எஞ்சிநின்றது. முதலாவது வரைவின் தோல்வியை ஊடகப் பொய்களின் விளைவென்று இடதுசாரிகள் பலர் கூறினர். பொய்கள் பரப்பப்பட்டமை மெய்யே. ஆனால் வாக்களிப்புக் கட்டாயமாக்கப்பட்டமையால் முதன்முறையாகப் பெருந்தொகையாக வந்த வறிய வாக்காளர் ஏன் நிராகரித்தனர்? மபூச்சே மக்கள் செறிந்த அரௌக்கானியாவில் ஏன் நிராகரிப்பு மேலோங்கியது? தண்ணீர் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடிய பெட்டோர்காவில், தண்ணீரை அனைவருக்கும் உரிய பொதுச் செல்வமாக்கிய வரைவு ஏன் தோற்றது? ஆசனங்களில் இடம் பெற்றமை ஒன்று. அவ்வாசனங்களோடு தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் சேரிகளிலும் அமைப்பு வழி உறவு பூண்டிருத்தல் மற்றொன்று. 1973 மார்ச்சில் பசியோடு வரிசையில் நின்றபடியே அயெண்டேயின் முன்னணிக்கு வாக்களித்தவர்களுக்குத் தொழிற்சங்கமும் கட்சிக் கிளையும் இருந்தன. 2022 இன் வாக்காளருள் பெரும்பாலோர் அரசியலைத் தொலைபேசித் திரையிலேயே தனித்தனியே சந்தித்தனர். 1988 இன் 'இல்லை'யைக் கொண்டாட நாடகமும் திரைப்படமும் உள. 2022 இன் 'இல்லை'யை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடாது, அதனைச் சொன்னவர்களின் வாழ்நிலையிலிருந்து காட்ட முற்படும் எழுத்தே சிலியிலிருந்து நாம் இனி எதிர்பார்ப்பது.